நூற்றுக்குக் கீழே

சில அறிவியல் கட்டுரைகளை நான் சிறுகதை மாதிரிதான் படிப்பேன். யார் பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்ப்பேன். ஆண்ட்ரியா பாவ்லி, அலெக்சாண்டர் ஷியர் குழுவினர் 2014இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது அப்படி ஒன்று. கருவின் ஆரம்ப வளர்ச்சியை வழிநடத்தும் சமிக்ஞைகள் ஏறக்குறைய எல்லாமே தெரிந்துவிட்டதாகக் கருதப்பட்டது என்று தொடங்குகிறது. அப்படியில்லை, ஜீப்ரா மீன் கருவில் இன்னும் 28 புரதங்கள் அந்த வேலையைச் செய்யலாம் என்கிறது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ரைபோசோம்கள் எந்தெந்த ஆர்என்ஏ மேல் உட்கார்ந்து புரதம் செய்கின்றன என்று பார்த்தார்கள். அதில் யாரும் கணக்கில் எடுக்காதவற்றைப் பிரித்தார்கள். பிறகு ஒரு சல்லடை: புரதத்தின் தலைமாட்டில் 'என்னைச் செல்லுக்கு வெளியே அனுப்பு' என்று சொல்லும் குறிவரிசை இருக்கிறதா?

தேறியவற்றில் ஒன்று டாட்லர். மீனில் அது வெறும் 58 அமினோ அமிலம். அது இல்லாவிட்டால், இதயமும் குடலும் ஆகவேண்டிய செல்கள் கருவின் உள்ளே நகரத் தடுமாறுகின்றன. இதயம் சிறுத்துப்போகிறது, சிலதில் உருவாவதே இல்லை. சிங்கப்பூரில் புரூனோ ரிவர்சாட் குழு 2013இல் இதே புரதத்தை 'எலபெலா' என்ற பெயரில் வெளியிட்டிருந்தது.

இவ்வளவு முக்கியமான ஜீன் எங்கே ஒளிந்திருந்தது? ஒளியவே இல்லை. அதன் ஆர்என்ஏ பட்டியலில் இருந்தது, 'புரதம் தராதது' என்ற முத்திரையோடு. ஜீன்களைப் பட்டியலிடும் மென்பொருள்கள் 100 அமினோ அமிலத்துக்குக் குறைந்தவற்றைப் பொதுவாக ஒதுக்கிவந்தன. தற்செயலாக அமையும் குட்டி வரிசைகள் ஏராளம் என்பதால் எங்காவது கோடு போட்டாகணும். நானும் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், அந்த நியாயம் புரிகிறது. ஆனால் வசதிக்காகப் போட்ட கோடு, பத்து வருஷத்தில் இயற்கையே போட்டது மாதிரி ஆகிவிடுகிறது.

இங்கேதான் கட்டுரையோடு என் சண்டை. 'கருதப்பட்டது' என்றால் யாரால்? ஆங்கில மூலத்திலும் செயப்பாட்டு வினைதான். மீனின் செல் எங்கே போகிறது என்று அவ்வளவு துல்லியமாகச் சொல்லும் உரைநடை, தன் துறையின் முடிவுகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் எழுவாயைத் தொலைத்துவிடுகிறது. கோடு போட்ட கை கண்ணில் படுவதே இல்லை.

கை தெரியாவிட்டால் அடுத்த கோட்டையும் கேள்வி கேட்க மாட்டோம். அந்த 28ஐத் தேர்ந்த சல்லடையும் ஒரு கோடுதானே? எஃப்ஜிஎஃப்2 என்ற வளர்ச்சிப் புரதம் அந்தக் குறிவரிசை இல்லாமலே செல்லைவிட்டு வெளியேறும். ஏற்கெனவே தெரிந்த புரதம் என்பதால் அதற்கு நஷ்டமில்லை. அதே வழியில் வெளியேறும், இன்னும் பெயர் வைக்கப்படாத குட்டிப் புரதம் ஏதாவது இருந்தால், அதுவும் இந்தச் சல்லடையில் விழுந்திருக்காது.