மூன்றாம் வகுப்புப் பிள்ளை எவ்வளவு வாசிக்க வேண்டும்?

"எட்டு வயசாகுது, இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். இது சரியா?" திருச்சியில் ஒரு தாய் இப்படிக் கேட்டால், "மொட்டு நிலையில் இருக்கிறான், வந்துவிடுவான்" என்பார் அரசுப் பள்ளி ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் அதே கவலையைச் சொல்லும் தாய்க்கு அடுத்த கவலையும் கூடவே வரும்: "இன்னும் ரெண்டு வருசத்தில ஸ்கொலர்ஷிப் எல்லோ!" பிள்ளை ஒன்று, மொழி ஒன்று, எதிர்பார்ப்புதான் வேறு.

தொடக்கம் ஏறக்குறைய ஒரே வயதில்தான். இலங்கையில் ஜனவரி 31ஆம் தேதிக்குள் ஐந்து வயது நிறைந்தால் தரம் 1. கால்கோள் விழா வைத்து மாலை போட்டு வரவேற்பார்கள். தமிழ்நாட்டிலும் ஐந்து வயதுதான். தேசியக் கல்விக் கொள்கை ஆறு என்று சொன்ன பிறகும் தமிழ்நாடு அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஆறு வயதில் சேர்க்கும் மாநிலத்துப் பிள்ளையோடு ஒப்பிடும்போது, ஒரு வயது இளையவரை மூத்தவரோடு ஓடவிடுகிறோம். இதை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் பலனைப் பார்த்த தமிழ்நாடு, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அரும்பில் இருக்கலாம், அதற்கேற்ற பயிற்சி நூல் கிடைக்கும். 'மக்கு' என்ற சொல்லின் இடத்தில் ஒரு பூவின் பருவம் வந்து உட்கார்ந்ததே பெரிய காரியம். மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் முணுமுணுப்பதும் உண்டு. அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது.

இந்தியாவில் இன்னோர் அளவுகோலும் இருக்கிறது. பிரதம் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் ஏசர் கணக்கெடுப்பு. தன்னார்வலர் கிராமத்தில் வீடு வீடாகப் போய், ஒரு தாளைப் பிள்ளையிடம் நீட்டுகிறார். அதில் எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை. முதலில் பத்தியை வாசிக்கச் சொல்கிறார். தட்டுத் தடுமாறினால் சொற்களுக்கு இறங்குகிறார், ஐந்தில் நான்கு வந்தால் போதும். பத்தி சரளமாக வந்தால் கதைக்கு ஏறுகிறார். மூன்று பிழை வரை பொறுப்பார். ஆனால் சொல் சொல்லாகப் பிய்த்து வாசித்தால் வாசித்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார். 2022இல் அந்தக் கதையை வாசித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கிராமப்புற இந்தியாவில் 20.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 5. வயது வித்தியாசத்தைச் சொல்லி இந்த எண்ணை முழுவதும் பூசி மறைக்க முடியாது.

இலங்கையின் ஏற்பாடு காகிதத்தில் தமிழ்நாட்டினதைவிடக் கனிவானது. தரம் 1, 2 முதன்மை நிலை ஒன்று. 3, 4 இரண்டு. தரம் 5 மூன்று. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் அடைய வேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஆண்டில் எல்லாம் வந்துவிட வேண்டும் என்ற நெருக்கடி இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் ஆரம்பப் பிரிவில் பாடங்களைத் தமிழிலேயே படிக்கிறார்கள். எல்கேஜியிலிருந்தே ஆங்கில வழியில் போய், தமிழை ஒரு பாடமாக மட்டும் தொடும் சென்னைப் பிள்ளைக்கு வாய்க்காத வசதி அது.

ஆனால் தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை உட்கார்ந்திருக்கிறது. இலவசக் கல்வியின் காலத்தில், ஏழைப் பிள்ளை நல்ல பள்ளிக்குப் போக வழியாக வந்த பரீட்சை. இன்று பத்து வயதுப் பிள்ளை இரண்டு வினாத்தாள்களோடு மல்லுக்கட்டுகிறது, வீடு முழுக்க வெட்டுப்புள்ளியைப் பற்றியே பேச்சு. தரம் 3இலேயே ரியூசன், மாதிரி வினாத்தாள். வினாவை விளங்கி வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அந்தத் தாள் பயன்படும். வாசிக்கவே வராத பிள்ளை கடைசி வாங்கில் பேசாமல் இருந்துவிடும். 2021 டிசம்பரில் கல்வி அமைச்சு தரம் 3 மாணவரிடையே நடத்திய தேசிய மதிப்பீட்டில், மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெற்றவர்கள் 34 விழுக்காடுதான்.

ஏசரின் 5ஐயும் இந்த 34ஐயும் பக்கத்தில் வைத்து யாழ்ப்பாணம் முந்திவிட்டது என்று சொல்லக் கூடாது. சோதனை வேறு, மொழிகள் வேறு. என் கட்சி வேறொரு காரணத்துக்காகத் தமிழ்நாட்டு முறைதான்: அங்கே ஒருவர் பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து அது வாசிப்பதைக் காதால் கேட்கிறார். புலமைப்பரிசில் வினாத்தாள் எந்தப் பிள்ளையின் குரலையும் கேட்பதில்லை.

வேகக் கணக்கில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இந்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் என்று இலக்கு வைத்தது. தமிழில் 'ஓடிக்கொண்டிருந்தது' ஒரே சொல். இந்தியில் அது மூன்று. 2022இல் நடந்த அடிப்படைக் கற்றல் ஆய்வு மொழிக்கு மொழி தனி அளவு வகுத்தது அதனால்தான்.

சரி, எதை எதிர்பார்ப்பது? முதல் வகுப்பு முடியும்போது மரம், படகு போன்ற சொற்களை எழுத்துக் கூட்டி வாசித்தால் போதும். 'கொ', 'கௌ' தடுக்கும். எழுத்தின் இரு பக்கமும் குறி நின்றால் ஐந்து வயதுக் கண் தடுமாறத்தான் செய்யும். ல, ள, ழ மயக்கம் எழுதும்போது வரும், அதை வாசிப்புக் குறையாகக் கொள்ள வேண்டாம். இரண்டாம் வகுப்பு முடிவில் சிறு வாக்கியங்கள் கூட்டாமல் வர வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவில், முன்பு பார்த்திராத அரைப் பக்கக் கதையை வாசித்து, என்ன நடந்தது என்று தன் பேச்சில் சொல்ல வேண்டும். இது என் கணிப்பு. திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இதில் வேறுபாடு வைக்க மாட்டேன்.

பாடநூலைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். அது மனப்பாடமாக இருக்கும். விரல் மூன்றாம் வரியில் இருக்க, வாய் ஐந்தாம் வரியைச் சொல்லும். சிறுவர் இதழில் ஒரு கதையை எடுத்துக் கொடுங்கள், நடுவில் திருத்தாமல் கேளுங்கள். மூன்றாம் வகுப்பில் பாதி ஆண்டு போன பிறகும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு, அந்த வாரமே வகுப்பாசிரியரைப் பாருங்கள். மாதிரி வினாத்தாள் வாங்கும் காசுக்கு நாலு கதைப் புத்தகம் வாங்கலாம்.