அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க

எங்கள் தெருவில் எழுத்தாளன் என்றால் மனு எழுதித் தருபவன் என்று அர்த்தம். நானும் மறுப்பதில்லை. ரேஷன் கார்டில் பெயர் திருத்தம், மின்வாரியத்துக்குப் புகார், பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர்... நான் எழுதியவற்றில் கைமேல் பலன் தந்தவை இவைதான்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு சாயங்காலம், பின் தெருவிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். கையில் ஒரு விண்ணப்பம். பிளாஸ்டிக் கவரில் ஆதார், ரேஷன் கார்டு நகல்கள். கணவர் லேத் பட்டறை வைத்திருந்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால், வேலையாக வெளியூர் போகிறேன் என்று கிளம்பியவர் போனவர்தான். அங்கே இன்னொரு குடும்பம் இருப்பதாகப் பேச்சு.

பெயர், வயது, முகவரி என்று நிரப்பிக்கொண்டே வந்தேன். 'தொழில்' என்ற இடம் வந்தது.

"என்னம்மா போடட்டும்?"

"ஒண்ணும் இல்லேன்னு போடுங்க சார். நான் வீட்லதான சும்மா இருந்தேன்."

சும்மா இருந்த கதையைக் கேட்டேன். பத்தொன்பது வருஷம் சமையல். இரண்டு பிள்ளைகள். பட்டறையின் வரவு செலவு நோட்டு இவர் கையெழுத்துதான். பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை நாலு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறார். குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் திருப்பித் திருப்பிப் போடுவது, எல்லாம். இதையே ஏஜென்சியிலிருந்து வருகிற ஆயா செய்தால் மாதச் சம்பளம். மருமகள் செய்தால் சும்மா.

படிவத்தோடு போனவர் இரண்டு நாளில் திரும்பி வந்தார். "விட்டுட்டுப் போயி அஞ்சு வருஷம் ஆகலியாம் சார். அஞ்சு வருஷம் கழிச்சு வாங்கன்னுட்டாங்க." குரலில் கோபம் இல்லை. ஒரு சந்தேகம்தான் இருந்தது. "நடுவுல அவரு தீபாவளிக்கு ஒரு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போனா, மறுபடியும் முதல்லேருந்து எண்ணுவாங்களா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதில் அந்த அலுவலரைத் திட்டிப் பயனில்லை. அவர் விதியைத்தான் சொன்னார். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு ஓய்வூதியம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 1986-லேயே கொண்டுவந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் விண்ணப்பிப்பவருக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் பிரிவுச் சான்று வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், கணவன் விட்டுப் போய்க் குறைந்தது ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும்.

ஐந்து வருடம் எதற்கு? பொய் சொல்லிப் பணம் வாங்கிவிடுவார்களாம். புருஷனைக் கொல்லைப்புறத்தில் ஒளித்து வைத்துக்கொண்டு, ஓடிப் போய்விட்டான் என்று மனு கொடுப்பார்களாம். யாராவது ஒருவர் செய்யலாம். இந்தத் தொகை 2023 ஆகஸ்டில்தான் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. இதற்காக ஊர் முன்னால் 'என்னை விட்டுட்டுப் போயிட்டான்' என்று எத்தனை பெண்கள் பொய் சொல்வார்கள்?

விஷயம் என்னவென்றால், அந்த முதல் ஐந்து வருஷம்தான் எல்லாமே. வாடகை பாக்கி விழுவது அப்போதுதான். தாலியும் தோடும் அடகுக் கடைக்குப் போவது அப்போதுதான். பெரியவன் பிளஸ் டூவை விட்டுவிட்டு மெக்கானிக் கடைக்குப் போவதும் அப்போதுதான். ஐந்தாவது வருட முடிவில் அரசு வந்து கதவைத் தட்டும்போது, அவர் எப்படியோ நீந்திக் கரையேறியிருப்பார். அல்லது மூழ்கியிருப்பார். முங்கினவரிடம் ஐந்து வருஷம் கழித்துக் கயிற்றை நீட்டுகிறோம்.

"ஜீவனாம்சம் கேக்கலாமே" என்பார்கள். கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆவது பிரிவு என்று பெயர்பெற்றது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவாக வந்திருக்கிறது. எண் மாறியது. நோட்டீஸ் அனுப்ப அவனுடைய விலாசம் வேண்டும் என்பது மாறவில்லை.

இன்னொரு கூத்தையும் பாருங்கள். அரசுப் பணித் தேர்வுகளில் பெண்களுக்கு முப்பது சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த முப்பதில் பத்து சதவீதம் ஆதரவற்ற விதவைகளுக்கு. நியாயமான ஏற்பாடு. ஆனால் 'ஆதரவற்ற விதவை' என்பதற்கான விளக்கத்திலேயே, விவாகரத்தானவரும் கணவனால் கைவிடப்பட்டவரும் இதில் சேரமாட்டார்கள் என்று இருக்கிறது. ஆக, அரசின் கண்ணில் புருஷன் செத்தால் ஒரு தட்டு, ஓடினால் வேறு தட்டு. பின் தெரு பெண்மணிக்கு அவர் செத்தாலும் ஓடினாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் அணைந்திருக்கும். வித்தியாசம் மரணச் சான்றிதழில் இருக்கிறது. ஓடிப் போனதற்கு யார் சான்றிதழ் தருவார்?

இந்தத் திட்டங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று புரிகிறது. எல்லாமே அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கின்றன: 'உன் புருஷன் எங்கே?' அவன் இருக்கிறானா, இறந்தானா, எப்போது போனான், திரும்புவானா? 'நீ இத்தனை வருஷம் என்ன செய்தாய், உனக்கு என்ன தெரியும்?' என்று ஒரு படிவமும் கேட்கவில்லை.

நம் ஊரில் வீட்டு வேலைக்கு விலை போடத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். போட்டிருக்கிறார்கள். 1989-ல் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாப் பந்தலில் நடந்த தீ விபத்து வழக்கில், உச்ச நீதிமன்றம் 2001-ல் இறந்துபோன இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. 2021 ஜனவரியில், ஒரு சாலை விபத்து வழக்கில், இல்லத்தரசிக்கும் வருமானம் இருப்பதாகக் கொண்டுதான் இழப்பீடு கணக்கிட வேண்டும் என்பதை அதே நீதிமன்றம் மறுபடியும் வலியுறுத்தியது. அதாவது, லாரி மோதி இறந்தால் அவர் உழைப்புக்கு விலை உண்டு. உயிரோடு இருந்து நடுத்தெருவில் நின்றால் கிடையாது!

விதிவிலக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் தீர்ப்பு சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி இங்கே குடும்பத்தைக் கவனித்திருக்கிறார். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதும் சொத்து சேரக் காரணம், ஆகவே அவருக்கும் சம பங்கு என்றது நீதிமன்றம். அதே வருடம் செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு 'உதவித் தொகை' என்று பெயர் வைக்கவில்லை. 'உரிமைத் தொகை' என்றது. அந்த ஒரு சொல்லுக்காக நான் கை தட்டினேன். வீட்டு வேலையும் உழைப்புதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி. ஆனால் அந்தச் சொல் ஆயிரம் ரூபாயோடு நின்றுவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகம் வரைக்கும் நடந்து போகவில்லை.

அங்கே இன்னமும் தையல் மெஷின்தான்.

சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் 1975-லிருந்து நடக்கிறது. அந்தக் காலத்துக்கு அது அருமையான யோசனை. பண்டிகைக்குத் துணி எடுத்துத் தெருமுனை டைலரிடம் கொடுத்த காலம். இன்றைக்குத் தெருமுனையில் ரெடிமேட் கடை. ஜாக்கெட் தைக்கவும் ஃபால்ஸ் அடிக்கவும் வருகிற வேலையை, ஏற்கெனவே இருக்கிற நாலு டைலர்களோடு ஐந்தாவது ஆளாகப் பங்கு போட வேண்டும். திட்டத்துக்கு வயது வரம்பு வேறு. நாற்பதையொட்டிக் கதவு மூடிக்கொள்ளும். தைக்கத் தெரியும் என்று சான்று வேண்டும். தையலில் எனக்கு விரோதம் இல்லை. ஆதரவற்ற பெண் என்றதும் அரை நூற்றாண்டாக அரசின் மனக்கண்ணில் ஒரே ஒரு படம்தான் தோன்றுகிறதே, அதில்தான் வருத்தம்.

இதே சமயத்தில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். நம் தையல் மெஷின் திட்டம் பிறந்த அதே 1975-ல், கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் டிஷ் சாமர்ஸ் என்ற பெண்மணி. ஐம்பது வயதைத் தாண்டி விவாகரத்து ஆனவர். நடுவயதில் கணவனை இழந்தோ பிரிந்தோ நிற்கிற பெண்களுக்கு அவர் ஒரு பெயர் வைத்தார்: 'டிஸ்ப்ளேஸ்டு ஹோம்மேக்கர்'. வேலை பறிபோன இல்லத்தரசி என்று வைத்துக்கொள்ளலாம். போர் வந்து ஊரை இழந்தவர்கள் மாதிரி, இவர்கள் வேலையை இழந்தவர்கள். சட்டப்படி ஓக்லண்டில் மில்ஸ் கல்லூரியில் முதல் மையம் வந்தது. வேலைக்கு ஆலோசனை, பயிற்சி, கூடவே அதே அனுபவம் உள்ள பெண்களின் துணை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். எல்லாம் பெயரில்தான் இருக்கிறது. 'கைவிடப்பட்டவள்' என்றால் கதாநாயகன் புருஷன். அவன் கைவிட்டான், இவள் விடப்பட்டாள். 'வேலை இழந்தவள்' என்றால் இவளுக்கு ஒரு வேலை இருந்தது, அது போய்விட்டது, இன்னொன்று வேண்டும். ஆலை மூடி வேலை இழந்தவரிடம், ஐந்து வருஷம் கழித்து வா, ஆலையை மறுபடி திறந்தாலும் திறப்பார்கள் என்று யாராவது சொல்வார்களா? 1998-ல் வந்த அமெரிக்கச் சட்டம் இந்தப் பெண்களை, ஆட்குறைப்பில் வேலை இழந்த தொழிலாளர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. 2014-ல் வந்த சட்டத்திலும் அந்த விளக்கம் இருக்கிறது: வீட்டில் குடும்பத்துக்காகச் சம்பளமில்லாமல் உழைத்து, இன்னொருவர் வருமானத்தில் வாழ்ந்து, அந்த வருமானம் நின்றுபோனவர்.

அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று சொல்ல வரவில்லை. 1984-ல் தொழிற்கல்விச் சட்டத்தில் இப்படிப்பட்ட பெண்களுக்கென்று தனியாக எடுத்துவைத்த நிதியை, 1998-ல் நீக்கிவிட்டார்கள். மதிப்பான வரிசையில் நிற்க வைத்துவிட்டு, கவுன்ட்டரில் பணத்தைக் குறைத்த கதை. விளக்கம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, நிதியும் தனியாக இருக்க வேண்டும் என்ற பாடத்தையும் அவர்களிடமே படித்துக்கொள்ளலாம்.

நாம் என்ன செய்யலாம்? பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம்.

முதலில் அந்த ஐந்து வருடத்தை ஒரு வருடமாக்குங்கள். பொய் என்று பிறகு தெரிந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அரசு வேலை ஒதுக்கீட்டில் ஆதரவற்ற விதவைக்குப் பக்கத்திலேயே கைவிடப்பட்டவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவர் இடத்தைப் பிடுங்கி இவருக்குத் தராமல், கூடுதலாகப் போடுங்கள். 2022-ல் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிருக்கும் சேர்த்து ஒரு நல வாரியமே அமைத்தாயிற்று. இரண்டு பேரையும் ஒரே பெயர்ப்பலகையில் எழுத முடிந்தவர்களுக்கு, இதுவும் முடியாதா?

அப்புறம், தெரிந்த வேலைக்குச் சான்றிதழ். 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில், ஒருவர் ஏற்கெனவே அனுபவத்தில் கற்றதைச் சோதித்துப் பார்த்துச் சான்று தரும் முறை இருக்கிறது. கொத்தனாரின் இருபது வருஷ அனுபவம் அனுபவம் என்றால், நாலு வருஷம் படுக்கை நோயாளியைப் புண் வராமல் பார்த்துக்கொண்டதும் அனுபவம்தானே? சோதியுங்கள். குறைந்ததைச் சொல்லிக் கொடுங்கள். பயிற்சி நாட்களில் கைச்செலவுக்குப் பணமும், குழந்தையை விட ஒரு இடமும் கொடுங்கள். இது இரண்டும் இல்லாத பயிற்சி, வீட்டில் வேறு ஆள் இருக்கிற பெண்களுக்கு மட்டும்தான் பயன்படும்.

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்களுக்கு 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. பத்தொன்பது வருஷத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

பின் தெரு பெண்மணி இப்போது நாலு தெரு தள்ளி, ஒரு ரிட்டயர்டு அதிகாரியின் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். மாமியாருக்குச் செய்த அதே வேலை. ஏஜென்சி ஆயாவுக்குக் கொடுப்பதைவிடச் சம்பளம் குறைவு. ஏன் என்று கேட்டிருக்கிறார். "உங்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இல்லியேம்மா" என்றார்களாம்.

சின்னவளின் பள்ளிக்கூடத்துக்குப் போன வாரம் ஒரு படிவம் நிரப்ப வந்தார். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் நான் கேட்காமலேயே எழுதினேன்: 'நோயாளிப் பராமரிப்பு. அனுபவம் நாலு வருடம்.'

பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். "மாமியாரைப் பாத்துக்கிட்டதும் இதுல சேருமா சார்?"

சேரும்மா. அரசாங்கம் சேர்க்கும் வரைக்கும் நாமாவது சேர்த்துக்கொள்வோம்.