பரிசுப் பெட்டிக்குள் பொறியியல் இருக்கிறதா?

பிறந்த நாளுக்கு வாங்கித் தந்த பேட்டரி காரை மாலைக்குள் பிரித்துப் போட்ட சிறுவனை நாம் அதட்டுகிறோம். அவனோ, “இது எப்படி ஓடுகிறது?” என்ற கேள்விக்கு விடை தேடியவன். குறை அவனிடமா, பரிசிடமா? பொறியியலிலும் மின்னணுவியலிலும் ஆர்வம் ஊட்டும் என்று சொல்லி விற்கப்படும் பரிசுகளைச் சற்று எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் ‘மெக்கானோ’. லிவர்ப்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை பெற்ற விளையாட்டுப் பொருள் இது. சம இடைவெளியில் துளையிட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், அச்சுகள், மரையாணிகள், மரைகள் ஆகியவற்றைக் கொண்டு பாலமும் கட்டலாம், பளுதூக்கியும் கட்டலாம். 1996-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹாரி குரோட்டோ, மெக்கானோ தந்த கைப்பயிற்சியைப் பெரிதும் போற்றியவர். மரையை எவ்வளவு முடுக்கினால் போதும் என்பதை விரல்கள்தாம் கற்க வேண்டும்! ஆனால் பெட்டி பெரிதானால் விலையும் பெரிது. எல்லா வீட்டுக்கும் எட்டாது.

இந்தக் குறைக்கு நம் நாட்டிலேயே ஒரு விடை பிறந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, 1978-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் பணியாற்றியபோது, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூபால் இணைத்து உருவங்கள் செய்தார். நீங்களும் செய்து பாருங்கள். முக்கோணத்தை அழுத்தினால் உருக்குலையாது. சதுரம் தொட்டவுடன் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு நீளக் குச்சி கொடுத்தால் அதுவும் நிமிர்ந்து நிற்கும். ரயில் பாலத்தில் முக்கோணங்கள் ஏன் என்பது அப்போது விளங்கும்.

அவர் பரப்பிய மின்மோட்டார் இன்னும் சிறப்பு. ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், எனாமல் பூசிய தாமிரக் கம்பிச் சுருள் ஆகியவை போதும். சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பாதியை மட்டும். இரண்டையும் முழுவதும் சுரண்டினால், அரைச் சுற்றுக்குப் பின் விசை எதிர்த்திசையில் தள்ளும். சுருள் ஊசலாடி நின்றுவிடும். எஞ்சிய எனாமல் அந்நேரம் மின்னோட்டத்தைத் தடுக்கிறது. சுருள் தன் வேகத்திலேயே மீதிச் சுற்றைக் கடக்கிறது.

இதிலும் இரண்டு குறைகள் உண்டு. சுருள் நின்றபின் இணைப்பை எடுக்காவிட்டால் செல் சூடாகும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். மேலும், “பாதி மட்டும் சுரண்டு” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் குழந்தை சிந்திக்க ஒன்றும் மிஞ்சாது. முதலில் முழுவதும் சுரண்டித் தோற்கட்டும். காரணத்தைப் பிறகு பேசலாம்.

படத்தைப் பார்த்து அழுத்திப் பொருத்தும் மின்னணுப் பெட்டிகளையும் இப்படியே மதிப்பிடலாம். படத்தில் உள்ளபடி விளக்கு எரிந்ததும் விளையாட்டு முடிந்துவிட்டால், அது வெறும் வேடிக்கைதான். கூடுதல் மின்தடையைச் சேர்த்து விளக்கு மங்குகிறதா என்று குழந்தை தானே சோதிக்கத் தொடங்கினால், கொடுத்த விலைக்குத் தகும்.

ஆகவே அடுத்த பிறந்த நாளுக்குக் கடைக்குப் போகுமுன், ஒரு சிறு திருப்புளி வாங்குங்கள். பழுதான அந்தக் காரிலிருந்து செல்லை எடுத்துவிட்டு, இரண்டையும் அவன் கையில் கொடுங்கள். அரை மணி நேரம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.