பியரின் சுத்தியலும் மரத்த காலும்

மயக்க மருந்தின் வரலாற்றைப் படிக்கிறவர்கள் கண்ணில் அடிக்கடி படும் கதை இது. 1898 ஆகஸ்டில், ஜெர்மனியின் கீல் நகரில், ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் தன் உதவியாளர் ஹில்டெபிராண்டின் முதுகில் கொக்கேயின் ஊசி போட்டார். கால் மரத்துவிட்டதா என்று பார்க்க, சுருட்டால் சுட்டார். கணைக்காலில் இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். உதவியாளருக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

கதை சொல்பவர்கள் இங்கே ஒரு சிரிப்போடு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. மரப்பு விட்டபின் ஹில்டெபிராண்டின் காலில் ரத்தம் கட்டியிருந்தது, வலியும் வந்தது. வலி தெரியவில்லையே தவிர, அடி அடிதான். நோயாளியை எப்படிப் படுக்கவைக்க வேண்டும் என்பதற்கான முதல் பாடமாக இதைச் சொல்லியிருக்கலாம்.

அப்பாவுக்கு ஸ்பைனல் கொடுத்து முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது, "முழிச்சுட்டுத்தானே இருப்பார், ஏதாவதுன்னா அவரே சொல்லிடுவார்" என்று அம்மாவைத் தேற்றியவன் நான்தான். அது பாதிதான் சரி. கழுத்து, தோள், கை பற்றி அவர் சொல்லலாம். காலிலிருந்து அவருக்கே செய்தி வராதே!

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே பெரோனியல் நரம்பு ஓடுகிறது. சாதாரணமாக அங்கே ஏதாவது அழுத்தினால் தூக்கத்தில்கூடப் புரண்டுவிடுவோம். மரத்த கால் புரளாது. கால்தாங்கியின் விளிம்பு அங்கே நெடுநேரம் அழுத்தினால், பிறகு பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். குதிகாலில் அழுத்தம் விழுந்தால் புண் வரலாம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. காலை மடக்கி வைத்து ஊசி போட்டபின் நீட்டிவிட்டாலும், சிலருக்கு அது மடங்கியே இருப்பதுபோலத் தோன்றும். எங்கள் தொழில் பாஷையில் இது பழைய கேஷ். அதைப் பார்த்து சர்வர் நன்றாக ஓடுகிறது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ஆகவே காலுக்கு அடியில் வைக்கும் மெத்தைத் துண்டு சொகுசுக்காக அல்ல. வலி செய்யவேண்டிய காவல் வேலையை அது கொஞ்சம் செய்கிறது. மீதியை இன்னொருவர் கண்ணும் கையும்தான் செய்யவேண்டும், அதுவும் ஆபரேஷன் மேஜையோடு முடியாமல், வார்டில் மரப்பு விடும்வரை.

அடுத்த முறை யாராவது சுத்தியல் கதையைச் சொன்னால், மறுநாள் காலில் என்ன இருந்தது என்றும் கேளுங்கள்.