படுகொலையைத் தடுக்க ஒரு பட்டப்படிப்பு!

அமெரிக்க நாட்டுப் பிங்காம்டன் பல்கலைக்கழகம், இனப்படுகொலையையும் திரள் கொடுமைகளையும் தடுக்கும் முறையினைக் கற்பித்து முதுநிலைப் பட்டம் வழங்குகிறது. நகைக்க வேண்டாம், தோழர்களே! கொள்ளைநோய் வருமுன் காக்கப் படிப்பு உண்டு. கொலைவெறி வருமுன் காக்கப் படித்தால் என்ன குறை? எதற்கும் “தலையெழுத்து” என்று சொல்லிப் பெருமூச்செறியும் நாட்டிற்கு, கொலைக்கும் காரணம் உண்டு, காரணம் அறிந்தால் தடுக்கலாம் என்னும் துறை தேவையே. வரவேற்கிறோம்.

ஆனால், அத்துறையின் அடிப்படை ஏட்டை உரைத்துப் பார்க்காமல் விடமாட்டோம். இனப்படுகொலை என்னும் கருத்துக்குப் பெயரிட்டவர் போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் இலெம்கின், ஆண்டு 1944. ஐக்கிய நாடுகள் அவை 1948இல் உடன்படிக்கை செய்தது. அது காக்கும் குழுக்கள் நான்கு: தேசம், இனம், மரபு, மதம் ஆகியவற்றால் அமைந்தவை. சாதி? அதற்கு அங்கே இடமில்லை! வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசையோடு கொளுத்திய கொடுமை அந்த ஏட்டிற்குள் அடங்காது. இந்தியா 1959இல் அதனை ஏற்றது. அதற்கென உள்நாட்டுச் சட்டம் இன்றுவரை இல்லை. 1984 சீக்கியர் படுகொலை வழக்கில், 2018இல், டில்லி உயர்நீதிமன்றமே இக்குறையைச் சுட்டிற்று.

அப்படியாயின் நம் வடமதுரை இளைஞன் இக்கல்வியை எங்கே பெறுவது? கடல் கடக்க வேண்டா. நத்தம் கடந்தால் போதும். அங்கே மேலூர் வட்டம், அதில் மேலவளவு.

1996இல் அவ்வூர் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. குடிசைகள் எரிந்தன. வேட்பாளர்கள் அஞ்சி மனுக்களைத் திரும்பப் பெற்றனர். தேர்தல் நின்றது. டிசம்பரில் மீண்டும் நடந்தது, வாக்குப்பெட்டி பறிபோனது. போலீசு காவலில் மூன்றாம் முறை நடந்து முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30 அன்று, ஆட்சியர் அலுவலகம் சென்று திரும்பும் வழியில், பேருந்தில் வந்த அவரும் தோழர்களும் வெட்டிச் சாய்க்கப்பட்டனர்.

இது திடீர் வெறியா? ஒன்பது திங்கள் முரசறைந்து வந்த கொலையன்றோ! சட்டமும் இல்லாமலில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 17ஆம் பிரிவில், கொடுமை நேரக்கூடிய பகுதியை முன்னறிந்து காக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சிக்குத் தந்தது. 1995ஆம் ஆண்டு விதிகள், ஆதிக்கச் சாதியாரின் துப்பாக்கி உரிமங்களைக்கூட நீக்க இடமளித்தன. அத்தனை அதிகாரம் இருந்தும் ஓர் ஊராட்சித் தலைவரின் தலை தப்பவில்லை. அந்நாளில் கோட்டையில் இருந்தது கழக ஆட்சி என்பதற்காக இதனை மென்று விழுங்க நாம் ஆயத்தமாயில்லை. வாழ்நாள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை, எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பெயரால் 2019இல் முன்கூட்டியே விடுவித்த அ.தி.மு.க. ஆட்சியையும் விடுவதற்கில்லை. தண்டனை தளர்ந்தால் தடுப்பு எங்கே நிற்கும்?

நம் பல்கலைக்கழகங்கள் இத்துறையைத் தொடங்கட்டும். முதல் ஆண்டு மாணவனிடம் மேலவளவுக் கோப்பினைக் கொடுக்கட்டும். 1996 செப்டம்பர் முதல் 1997 ஜூன் வரை, நாள்வாரியாக, எந்த நாளில் எந்த அதிகாரி எந்தத் தாளில் கையெழுத்திட்டிருந்தால் அந்தப் பேருந்து ஊர் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவன் எழுதட்டும்!