எட்டேகாலும் இருமாவும்

ஔவையார் கம்பரைத் திட்டிய கதையை ஸ்கூல்ல கேட்காதவங்க கம்மி. தமிழ் எண்களில் எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ'. ஆக, 'எட்டேகால் லட்சணம்' என்றால் அவலட்சணம். வாத்தியார் விளக்குவார், வகுப்பு சிரிக்கும், அடுத்த பாடம்.

அந்தத் தனிப்பாடலில் எனக்குப் பிடித்தது வசை அல்ல, அது வேலை செய்யும் விதம். அதே பாட்டில் எருமையும் ஒளிந்து வருகிறது. எமனின் வாகனம் எதுன்னு தெரிஞ்சா போதும், பிடிச்சிடலாம். எட்டேகால் அப்படியில்லை. காதில் விழுவது ஓர் எண். அதை மனசுக்குள் எழுதி, எழுதியதை எழுத்தாகப் படிக்க வேண்டும். திட்டு வாங்குபவரே தன் திட்டை எழுதிக்கொள்கிறார்!

இன்று அந்தப் பாலம் உடைந்துவிட்டது. பள்ளியில் நாம் எழுதுவது 8 தான். யூனிகோடிலும் எட்டுக்கான ௮ வேறு, உயிரெழுத்து அ வேறு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. நகைச்சுவை இப்போது உரையாசிரியர் தயவில் உயிர்வாழ்கிறது.

காளமேகத்தின் பின்னப் பாட்டு இதைவிடப் பெரிய காரியம் என்பது என் கட்சி. அது குறியை நம்பவில்லை, பெயரின் ஓசையை நம்புகிறது. முக்கால் என்பது கைத்தடியோடு சேர்த்து மூன்று கால். அரை, நரைக்குள் ஒளிந்திருக்கிறது. காலும் அரைக்காலும் எமதூதர் வருகையில். இருமா, இருமல். மாகாணி, சுடுகாடு. ஒருமா, காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் மாமரம். கீழரை, அதன்கீழ் இருக்கும் ஈசன்.

வரிசையைக் கவனிங்க: 3/4, 1/2, 1/4, 1/8, 1/10, 1/16, 1/20, 1/640. எண் தேயத் தேய ஆயுளும் தேய்கிறது. தேய்ந்து தேய்ந்து கடைசியில் கைக்கு எட்டும் துளி பின்னத்தில் கடவுள். எட்டேகாலில் எட்டு பெரிசா சிறிசா என்று யாருக்கும் கவலையில்லை. வேறு எந்த எண்ணுக்கு 'அவ' என்று குறி இருந்தாலும் அந்த வசை நின்றிருக்கும். காளமேகத்துக்கு அளவுதான் பொருள். வரிசையைக் கலைத்தால் சிலேடை மிஞ்சும், முதுமை போய்விடும்.

ஆனா இந்தப் பாட்டும் நம்மிடம் முழுசா இல்லை. காலும் அரையும் முக்காலும் காய்கறிக் கடையில் இன்னும் புழங்குது. இருமா, கீழரை எல்லாம் பேச்சிலிருந்து போயிடுச்சு. அதனால் பின்பாதியில் நமக்கு இருமல் மட்டும் கேட்கிறது, பத்தில் ஒன்று கேட்பதில்லை. அடுத்த முறை படிக்கும்போது ஓரத்தில் எண்களை எழுதி வச்சுக்கிட்டுப் படிங்க.