செவிச்செல்வமும் செவிடரும்

திருவள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். பொருட்பாலில் கல்வி, கல்லாமை என்னும் இரண்டுக்கும் அடுத்து 42-ஆம் அதிகாரமாக அது நிற்கிறது. செவி வாயிலாக வருவதே செல்வங்களுள் தலையாயது என்பது அவர் துணிபு. ஆங்கிலப் பாடசாலையில் பயின்ற யான் இவ்வதிகாரத்தை முறையாகப் படித்தது முப்பது வயதுக்குப் பின்னரே. அதற்குள் என் செவிகள் குறைபடத் தொடங்கிவிட்டன. ஆகவே, பிறர் பரிசுக்காக மனனம் செய்யும் பத்துக் குறள்களை யான் ஒரு வழக்காளியைப் போல் படிக்க நேர்ந்தது. கேட்க இயலாதவனுக்கு இந்நூலில் இடமுண்டா? நம் இலக்கியத்தில்தான் இடமுண்டா?

பழைய நூல்களின் வைப்பு முறையை நோக்குக. தொல்காப்பியர் உயிர்களை அறிவு வகையால் பாகுபடுத்துமிடத்து, தொடுவுணர்வில் தொடங்கிச் சுவை, மணம், காட்சி என ஏறி, ஐந்தாவதாகச் செவியையும் ஆறாவதாக மனத்தையும் வைத்தார். வள்ளுவரும் கேள்விக்கு அடுத்தே அறிவுடைமையை வைத்தார். செவிக்கு இஃது உயர்ந்த பீடமே. ஆயின் அப்பீடத்தினின்று விழுந்தவன் கதி என்ன? செவி போயிற்றெனின், அதன் பக்கத்து வீடாகிய அறிவும் போயிற்று என்று உலகம் கொள்ளுகிறது. செவிடன் காதில் ஊதின சங்கு என்னும் பழமொழி யார்மேல் வழங்குகிறது? காது கேளாதவன்மேலன்று, சொன்னதை உணராத மூடன்மேலும், உணர்ந்தும் செய்யாத பிடிவாதக்காரன்மேலுமே வழங்குகிறது. குற்றம் அவர்களுடையது, பெயர் மட்டும் செவிடனுடையது!

கண்ணிழந்தவர்க்கு நம் இலக்கியம் இவ்வாறு செய்யவில்லை. அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் குறையே அவர்க்குப் பட்டமாயிற்று. இரட்டைப் புலவருள் ஒருவர் குருடர், மற்றவர் முடவர். இருவரையும் தமிழுலகம் போற்றியது. செவிட்டுக்கவி என்று போற்றப்பட்டவர் ஒருவருண்டா? இல்லை. காரணமும் வெளிப்படை. ஏட்டுச்சுவடிக் காலத்துத் தமிழ், வாயினின்று செவிக்குச் சென்ற தமிழ். குருடன் அவையில் வீற்றிருந்து கேட்கலாம். செவிடனோ அவைக்குள் இருந்தும் வெளியே நின்றவனாவான். பின்னர் அச்சு வந்தது, நூல் கண்ணுக்குரியதாயிற்று. செவிடனுக்குக் கதவு திறந்தது. எனினும், அவனைப் பற்றிய பழைய எண்ணம் மாத்திரம் மாறவில்லை. நம் நகைச்சுவைக் காட்சிகளில் அவன் இன்றும் ஒன்று கேட்டால் ஒன்று சொல்லிச் சிரிப்பு மூட்டுகிறவனாகவே வருகிறான்.

அச்சிரிப்பின் மறுபக்கத்தை யான் அறிவேன். இற்றைய ஷா ஆலம் 1978-இல் சிலாங்கூரின் தலைநகராவதற்குமுன் பெரும்பாலும் தோட்ட நிலம். அங்கே குடியிருந்துகொண்டு, கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன் யான். உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் மெல்லிய உயர்ந்த ஒலிகளே முதலில் மறைகின்றன. உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து நழுவும். கடை, தடை, படை மூன்றும் ஒன்றாகிவிடும். ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும். என்ன பேசுகிறார் என்பது தெரியாது. உரக்கக் கத்தினாலும் பயன் சிறிதே. கேட்ட உயிரே மேலும் உரக்கக் கேட்கும்.

இதை யான் மறைத்தேன். தலையசைத்தேன், பிறர் சிரித்தபோது சிரித்தேன். 2020-இல் முகக்கவசம் வந்து உதடுகளை மூடியபின்னரே, அதுகாறும் கண்ணால் கேட்டுவந்தேன் என்பது எனக்கே விளங்கிற்று. அந்நாட்களில் ஒரு காலைப் பெரட்டில், பெயரின் முதலெழுத்து மட்டுமே வேறுபட்ட இரு பெண்களுள் ஒருத்தியின் வேலைநாளை மற்றவள் கணக்கில் பதிந்துவிட்டேன். சம்பள நாளன்று அவள் கூலி குறைந்திருந்தது. "இன்னொருமுறை சொல்லுங்கள் அம்மா" என்று கேட்க யான் நாணிய நாணத்துக்கு, அவ்வேழை ஒரு நாள் உழைப்பால் விலை கொடுத்தாள். பிழையைத் திருத்தினேன், அன்றே என் குறையையும் வெளியிட்டேன். உற்றார் சிலர் முற்பிறப்பின் வினை என்றனர். வேண்டுதல் செய்யச் சொன்னார்கள். யான் செவி மருத்துவரிடம் சென்றேன்.

இப்போது வள்ளுவரிடம் மீள்வோம். அதே அதிகாரத்தின் எட்டாம் குறளில் அவர் கூறுவது யாது? ஓசை கேட்கும் காதாயினும், அறிவுரை உட்புகத் துளையுண்டிராவிடின் அதுவும் செவிட்டுக் காதே என்கிறார். செவிட்டுத்தன்மையை அவர் உறுப்பினின்று பெயர்த்துக் கேட்க மனமில்லாமையின்மேல் ஏற்றிவிட்டார். பழமொழி செவிடனை மூடனாக்கியது; குறள் மூடனைச் செவிடனாக்கியது. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் குறளிலும் அப்பெயர் வசைச்சொல்லாகவே நிற்கிறது என்பதை மறைத்தல் நேர்மையன்று. நாமோ மாமன் மடியில் குழந்தையை இருத்திக் காது குத்தி விருந்துண்கிறோம். அக்காது கேட்கிறதா என்று சோதிக்க ஒரு நாழிகை செலவிடுவதில்லை!

புதுப் படைப்புகளின் நிலை யாது? 2007-இல் வெளிவந்த ராதாமோகனின் 'மொழி' திரைப்படம், பிறவியிலேயே கேளாத பெண்ணொருத்தியைத் தன்மானமுள்ளவளாகக் காட்டிற்று, அதனைப் பாராட்டுவோம். ஆயினும் கேட்டுப் பழகி நடுவயதில் இழந்தவன் கதை வேறு. அவன் இரு உலகங்களுக்கும் அந்நியன். ஆங்கிலத்தில் டேவிட் லாட்ஜ் 2008-இல் 'டெஃப் சென்டென்ஸ்' என்னும் நாவலில், செவி மங்கிய மொழியியல் பேராசிரியர் ஒருவரைத் தம் அனுபவங்கொண்டே படைத்தார். அதிலும் சிரிப்புண்டு; ஆனால் அச்சிரிப்பு செவிடனுடையது, அவன்மேல் எறியப்பட்டதன்று. இவ்வேறுபாட்டை நம் எழுத்தாளர் கருதுவாராக.

உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர்க்கு ஏதேனும் ஓரளவு செவிக்குறை உண்டென உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கணக்கிட்டது. மலேசியச் சட்டமும் 2019-இல், தொழிலிடத்து ஓசையின் நாளளவுக்கு 85 டெசிபெல் என எல்லையிட்டது. அறிவியல் எண்ணியது, சட்டம் அளந்தது, தமிழ் இலக்கியமோ இன்னும் பழைய சங்கையே ஊதிக்கொண்டிருக்கிறது.

எழுத்தாளர் எழுதும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. செவி மங்கியவரிடம் முகம் நோக்கி நிதானமாகப் பேசுங்கள். 'ஒன்றுமில்லை, விடு' என்று மட்டும் சொல்லாதீர்கள். செவி மங்கியவரோ, கேட்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுக. அச்சொல்லைக் கேட்டும் சிரிப்பவன் எவனோ, அவனே வள்ளுவர் சுட்டிய செவிடன்.